எட்டில் இரண்டு எரியவில்லை



போன வைகாசியில் ஆரையம்பதியில் ஒரு கோயில் சடங்குக்கு லைற் கட்டும் வேலையை எடுத்திருந்தேன். குளிர்த்திக்கு முதல்நாள் பின்னேரம் பெட்டியைப் போட்டுப் பார்த்தால், எட்டுச் சரங்களில் மூன்றாவதும் ஆறாவதும் எரியவில்லை. மற்ற ஆறும் ஒழுங்காக ஓடின.

வண்ணக்கர் வந்து பார்த்தார். "புள்ள, இதுக்குள்ள கைய வைக்காத. மறுகா எல்லாம் எரிஞ்சு போயிரும். டவுனால ஆரையும் கூப்பிடுவம்" என்றார். முற்பணமாக வாங்கிய காசை மகளின் டியூஷனுக்குக் கட்டியிருந்தேன். வேலை கைமாறினால் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. "ஒரு மணித்தியாலம் தாங்க ஐயா" என்று கேட்டேன்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது? வெசாக் தோரணங்களில் முன்பு ஒரு மர உருளை சுழலும். அதில் பதித்த செப்புத் தகடு கம்பியைத் தொடும்போது ஒரு வரிசை பல்ப் எரியும், விலகும்போது அணையும். இன்று அந்த உருளையின் வேலையை ஒரு சின்னச் சில்லு செய்கிறது. தகட்டின் இடத்தில் 'ட்ரையக்' என்ற சிறு துண்டு இருக்கிறது. சனல் ஒன்றுக்கு ஒரு ட்ரையக், ஒரு பியூஸ், ஒரு செருகுவாய். அவ்வளவுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றினேன். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வயர் மாறிக் கட்டியிருந்தால் சுவிட்ச் அணைந்த பின்னும் உள்ளே 230 வோல்ற் நிற்கும். கோயில் வீதியில் செருப்புப் போடமாட்டோம், மண்ணும் ஈரம். ஆகவே காய்ந்த பலகையொன்றில் ஏறி நின்றேன். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் நான் வேலை செய்வதில்லை.

பிறகு இடம் மாற்றிப் பார்த்தேன். எரியாத மூன்றாம் சரத்தை ஒன்றாம் வாயில் செருகினேன். எரிந்தது! அப்படியானால் சரம் நல்லது, பிழை பெட்டியில். ஆறாம் சரத்தை அதே வாயில் செருகினேன். எரியவில்லை. நல்ல சரமொன்றை ஆறாம் வாயில் செருக, அது எரிந்தது. ஆகவே பெட்டி நல்லது, பிழை சரத்தில். பார்வைக்கு ஒரே வருத்தம், ஆனால் காரணம் இரண்டு. ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிட்டே மாற்ற வேண்டும்.

ஆறாம் சரத்தின் பிளக்கைத் திறந்தால் செம்பில் பச்சைக் களிம்பு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. நம்மூர் உப்புக்காற்று செம்பை விடாது. பழுதான வயரை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்கினேன்.

மூன்றாம் சனலில் சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டிருந்தது. கட்டளை வருகிறது என்று அர்த்தம். பியூஸ் கண்ணுக்கு நல்லதாகத்தான் தெரிந்தது. மீற்றரை வைத்தேன், சத்தமே இல்லை. அந்த மீற்றர் என் வீட்டுக்காரருடையது. 2006 இல் போனவர் திரும்பி வரவில்லை. மீற்றர் இன்னும் உண்மை சொல்கிறது.

பியூஸ் போனால் ஏன் போனது என்று கேட்க வேண்டும். விசாரித்தால், பகலில் யாரோ அந்தச் சனலில் 500 வாற் ஹலஜன் விளக்கொன்றையும் சேர்த்துச் செருகியிருக்கிறார்கள். பியூஸ் 2 அம்பியர். 2 × 230 = 460 வாற். ஹலஜன் பற்றும் கணத்தில் அதைவிடப் பலமடங்கு இழுக்கும். பாவம், பியூஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதே 2 அம்பியரில் புதிது போட்டேன். ஈயத்தாள் சுற்றி ஓட்டாதீர்கள் தோழிகளே. பியூஸுக்குப் பதிலாக வயரும் ஆளும் எரிய நேரிடும்.

இன்னும் இரண்டு குறிப்பு. சரம் அணையாமல் எரிந்துகொண்டே நின்றால், பெரும்பாலும் ட்ரையக் பழுது. டெஸ்டரின் வெளிச்சத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். ட்ரையக் அணைந்திருக்கும்போதும் கசியும் சிறு கரண்டுக்கு அது மினுங்கும். பழைய 40 வாற் இழை பல்பைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். பெட்டியைத் தட்டில் கோத்த இரும்பின் மேலே தொடாதீர்கள். சில ட்ரையக்கின் முதுகுத் தகட்டிலும் கரண்ட் இருக்கும்.

முக்கால் மணித்தியாலத்தில் எட்டும் ஓடின. வண்ணக்கர் ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்ரீ அனுப்பினார். திருவிழா முடிந்து மீதிக் காசைத் தரும்போது, "அடுத்த வருசமும் நீதான் புள்ள" என்றார்.

அன்றிரவு வீதியில் நின்று பார்த்தேன். லாம்பைத் தணித்துவிட்டு மூச்சடக்கி இருந்த இரவுகள் நம் எல்லோருக்கும் உண்டு. வெளிச்சத்தைக் கண்டு பயந்த காலம் அது. இப்போது என் கையால் எரிந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் விளையாடினார்கள்.

எரியாததைக் கண்டதும் எல்லாம் போச்சென்று இருந்துவிடாதீர்கள். எது எரிகிறது என்று முதலில் பாருங்கள், அங்கிருந்து பிழையைத் தேடுங்கள். அடுத்த மாதம் அயனின் வயர் மாற்றுவது பற்றிப் பேசுவோம்.