ஒரே பாயில் இருந்து கேட்ட பாட்டு

ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி எழுதும்போது பாடகரின் குரல், வாத்தியக்காரரின் திறமை, மேடையின் ஒளி, கூடிய சனத்தின் தொகை ஆகியவற்றையே பத்திரிகைக்காரர்கள் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். எனக்கு இவற்றைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. அந்த நிகழ்ச்சிக்குப் போன குடும்பம் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போனது என்பதே அது. முதியவரையும் கைக்குழந்தையோடு இருக்கும் தாயையும் பதின்ம வயதுப் பெண்ணையும் "உங்களுக்குச் சரிவராது" என்று நிறுத்திவிட்டுப் போகவேண்டிய நிகழ்ச்சி, எத்தனை பெரிய பாடகர் வந்து பாடினாலும் அரைவாசி தோற்றுப்போன நிகழ்ச்சி என்பது என் துணிபு.

இந்த அளவுகோலை எனக்குத் தந்தது சல்லி. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதி வழியே வடக்காகச் சென்று, சாம்பல்தீவுப் பக்கத்தில் கடலை நோக்கித் திரும்பினால் வரும் மீனவக் கிராமம் அது. என் துணைவியாரின் ஊர். அங்குள்ள முத்துமாரியம்மன் கோயில் உற்சவத்துக்குத் திருகோணமலையின் பல பகுதிகளிலிருந்தும் அடியார்கள் வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் உற்சவக் காலத்து இரவொன்றில், நகரத்து இசைக்குழுவொன்றின் நிகழ்ச்சிக்குக் குடும்பமாகப் போனோம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த குழு அது. எழுபத்தெட்டு வயதான மாமி, துணைவியார், பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், உயர்தர வகுப்பிலிருந்த மகன், நான் என ஐவரும் மணலில் ஒரே பாயை விரித்து இருந்தோம்.

குழு அம்மன் பாடல்களோடு தொடங்கியது. அடுத்து எழுபதுகளின் ஈழத்துப் பாடல்கள். பின்னர் சினிமாப் பாடல்கள். கடைசியாக, இளைஞர்கள் காத்திருந்த பைலா. நேயர்கள் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்த பாடல்களை அறிவிப்பாளர் வாசித்தார். மாமி கேட்ட பாட்டும் வந்தது, மகன் கேட்ட பாட்டும் வந்தது. மாமிக்கு இரண்டாவது பிடிக்கவில்லை. "இதென்ன தம்பி, பாட்டோ சண்டையோ?" என்று என்னிடம் கேட்டார். ஆனால் எழுந்து போகவில்லை. ஒரு தலைமுறை தன் பாட்டுக்காக மற்றத் தலைமுறையின் பாட்டைப் பொறுத்துக்கொண்டு இருப்பதே குடும்பமாகக் கேட்பதன் இலக்கணம்.

அந்த இரவு ஏன் சீராக அமைந்தது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். பக்தி, பண்பாடு, கிராமத்து ஒழுக்கம் என்றெல்லாம் சொல்லிவிடலாம். நான் கண்ட காரணங்கள் மிகச் சாதாரணமானவை. கோயிலைச் சுற்றி எப்பக்கமும் திறந்த வெளி. எவரும் எந்நேரமும் எழுந்து போகலாம். மேடையில் மட்டுமன்றி, சனம் இருந்த இடத்திலும் வெளியேறும் பாதையிலும் வெளிச்சம் இருந்தது. குடிதண்ணீர்த் தாங்கி எங்கே, மலசலகூடம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர் இளைஞர்கள் பாதையை மறித்து ஒருவரையும் நிற்க விடவில்லை. தாயைத் தவறவிட்ட சிறுவனுக்காகப் பாட்டை இடையில் நிறுத்தி அறிவித்தார்கள். ஒலிபெருக்கி அனுமதியில் குறித்த நேரத்தோடு நிகழ்ச்சி முடிந்தது. விடியுமுன் கடலுக்குப் போகவேண்டியவர்கள் அந்த நேரத்தை நம்பியே வந்திருந்தார்கள்.

திருகோணமலைக்கு மேடை இசை புதிதன்று. ஈழத்தின் முதலாவது தமிழ் மெல்லிசைத் தட்டை வெளியிட்டவராகப் பேசப்படும் எம். பி. பரமேஸ் இந்த மண்ணின் மைந்தர். அவரும் சகோதரர் கோணேசும் சேர்ந்து நடத்திய பரமேஸ் - கோணேஸ் இசைக்குழுவை இன்றும் நினைவுகூரும் முதியோரை இங்கே காணலாம். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரான்லி சிவானந்தன் என்று பொப் இசைப் பாடகர்கள் ஊர் ஊராக மேடையேறிய காலம் அது. தென்னிந்தியத் திரையிசை வானொலியை நிறைத்திருந்தபோதும், எங்கள் பேச்சையும் எங்கள் வேடிக்கையையும் பாட்டில் வைத்து மேடையில் தந்தவர்கள் இவர்களே.

அந்த இரவுகளைப் போர் எடுத்துக்கொண்டது. ஊரடங்கு, சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு என்று போன ஆண்டுகளில், பொழுது சாய்ந்தபின் வெளியே போவதே துணிச்சலான காரியமாயிற்று. இரவில் கடலுக்குப் போகத் தடை இருந்த காலங்களை இக்கரையோர மீனவர்கள் மறக்கமாட்டார்கள். போர்நிறுத்தம் இருந்த நாளிலும் இசை மேடை தப்பவில்லை. 2004 டிசெம்பர் 11ஆம் திகதி கொழும்பில் ஷாருக் கான் பங்குபற்றிய நிகழ்ச்சியில் கைக்குண்டு வெடித்து இருவர் உயிரிழந்தார்கள். அதற்குப் பதினைந்து நாட்களின் பின் ஆழிப்பேரலை வந்து எங்கள் கரைகளை அழித்தது. போர் முடிந்தது 2009 மே மாதத்தில். அவசரகாலச் சட்டம் நீங்கியது 2011 ஓகஸ்டில். ஆகவே, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரவில் பாட்டுக் கேட்கப் போவது எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. பறிபோன இரவை மீட்டெடுக்கும் செயல் அது. அந்த இரவை மறுபடியும் பயத்துக்குரியதாக்கும் எவரும் ஒரு நிகழ்ச்சியை மட்டும் கெடுப்பதில்லை.

இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணம் முற்றவெளியைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. 2023 ஒக்ரோபரில் அங்கே சந்தோஷ் நாராயணனின் இலவச இசை நிகழ்ச்சி நடந்தது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி ஹரிஹரனின் நிகழ்ச்சி. பணம் கொடுத்தவர்களுக்கு முன்பகுதி, இலவசமாக வந்தவர்களுக்குப் பின்பகுதி. பின்னால் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தது. கட்டமைப்புகளின் மேலே ஏறினார்கள், சிலர் காயமுற்றார்கள், நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது.

அடுத்த நாளே தீர்ப்புகள் வந்தன. இளைஞர் சமுதாயம் கெட்டுவிட்டது என்றார்கள். சினிமா மோகம் என்றார்கள். இத்தகைய களியாட்டங்களே வேண்டாம் என்றார்கள். பெண்பிள்ளைகளை இரவில் ஏன் அனுப்பினீர்கள் என்று பெற்றோரைக் கேட்டவர்களும் உண்டு. தடுப்பை உடைத்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இது யாழ்ப்பாணத்தின் குணக்கேடு என்றால், அதற்கு ஐந்து மாதங்கள் முன்னர் சென்னையில் நடந்ததற்கு என்ன பெயர் சொல்வது? 2023 செப்ரெம்பர் 10ஆம் திகதி பனையூரில் நடந்த ஏ. ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்து ரிக்கற் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் தாங்கள் துன்புறுத்தப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள். குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 2021 நவம்பர் 5ஆம் திகதி டிராவிஸ் ஸ்கொட்டின் மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் பத்துப் பேர் மாண்டார்கள்.

இம்மூன்று ஊர்களுக்கும் பொதுவான பண்பாடு எதுவும் இல்லை. பொதுவாக இருப்பது கணக்கு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் நான்கு பேர் நிற்கும்வரை ஒருவர் தம் விருப்பப்படி அசையலாம். ஐந்தைத் தாண்டினால் அசைவு கூட்டத்தின் கைக்குப் போகிறது. அதற்குமேல் ஒருவர் நல்லவரா கெட்டவரா என்பது பொருட்டே அல்ல. முன்னால் நிற்பவரை அவர் தள்ளாவிட்டாலும் அவர் உடல் தள்ளும். இலவசம் என்று விளம்பரம் செய்து எண்ணிக்கை தெரியாத கூட்டத்தை அழைத்துவிட்டு, நடுவில் ஒரு தடுப்பைப் போட்டு, மேடை தெரியாத தூரத்தில் ஆயிரக்கணக்கானோரை நிறுத்தினால், அந்தத் தடுப்பின்மேல் என்ன நிகழும் என்பதை முதல் நாளே கணக்கிட்டிருக்கலாம்.

"கோயில் மணலில் சில நூறு பேர் இருந்ததையும் பல்லாயிரம் பேர் திரண்டதையும் ஒப்பிடலாமா?" என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. ஊரார் முகமறிந்து நடப்பதைப் பெரிய மைதானத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் சல்லியில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை முகமறிவைச் சார்ந்தவை அல்ல. இலவசமென்றாலும் எண்ணிட்ட அனுமதிச் சீட்டு கொடுக்கலாம். மைதானத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி வெளியேறும் வழி வைக்கலாம். பின்னால் இருப்பவர்களுக்குப் பெரிய திரை அமைக்கலாம். மேடை தெரிந்தால் முன்னே தள்ளவேண்டிய தேவை குறையும். முதியோருக்கும் குழந்தைகளோடு வருவோருக்கும் ஓரத்தில் இருக்கைகள், பெண்களுக்குப் போதிய மலசலகூடங்கள், அம்புலன்ஸ் வண்டிக்கு மறிக்கப்படாத பாதை, நிகழ்ச்சி முடிந்தபின் ஊர்களுக்குப் போகும் பஸ். இவற்றுள் எதுவும் நட்சத்திரப் பாடகரின் விமானச் செலவைப்போல் வரப்போவதில்லை.

திருகோணமலையில் மக்கெய்சர் விளையாட்டரங்கும் ஏகாம்பரம் மைதானமும் இருக்கின்றன. பெரிய மேடைகள் இங்கும் வரும். வரவேண்டும் என்றே நான் விரும்புகிறேன். தடை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடையால் முதலில் வீட்டுக்குள் முடக்கப்படுவோர் பெண்களே. மைதானத்தைக் கொடுப்பவர்களும் ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குபவர்களும் மேற்சொன்ன பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்கட்டும். கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கலாம். வெளியூர்ப் பாடகர் வருமுன் உள்ளூர் இசைக்குழுவுக்கு ஒரு மணி நேரமும் அதற்குரிய கூலியும் கொடுக்கவேண்டும். தன் சனத்தை அறிந்த குழு அது. அமைதியாக இருத்தவும் தெரியும், ஆடவைக்கவும் தெரியும்.

இவ்வளவையும் படிக்க அதிகாரிகளுக்கு நேரமில்லை என்றால், அனுமதி கேட்டு வரும் ஏற்பாட்டாளரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்டால் போதும்: "ஐயா, உங்கள் தாயாரையும் மகளையும் இந்த மைதானத்தில் எந்த இடத்தில் இருத்தப்போகிறீர்கள்?" வரைபடத்தில் அந்த இடத்தை அவரால் தொட்டுக் காட்ட முடியாவிட்டால், அனுமதிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டாம்.