பட்டியலில் இருக்கும் சொல்

மொழிபெயர்ப்பாளனின் காலைப்பொழுது பெரும்பாலும் சொற்களோடு தொடங்குவதில்லை, சொற்பட்டியலோடுதான் தொடங்குகிறது. மொழிபெயர்க்க வேண்டிய கோப்போடு இன்னொரு கோப்பும் வரும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு நாம் இட வேண்டிய தமிழ்ச் சொல். பட்டியலை மீறக்கூடாது என்பது ஒப்பந்தம்.

அண்மையில் மன்னார் வளைகுடா மீனவர்களுக்கான விழிப்புணர்வுக் குறிப்பு ஒன்று எனக்கு வந்தது. பட்டியலின் நடுவில் ‘முத்து வங்கி’ என்று ஒரு சொல். சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் திட்டை ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்பார்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை யாரோ எடுத்து வைத்துவிட்டார்கள். தூத்துக்குடிக் கரையில் அதன் பெயர் ‘பார்’. முத்துப்பார் என்றால் இங்கே சிறுவனுக்கும் விளங்கும். தொள்ளாயிரம் பார் என்று ஒரு பாருக்குப் பெயரே உண்டு. இக்கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது, சொல் முடியவில்லை. அதே பட்டியலில் ‘முக்குளிப்பாளர்’ என்றும் இருந்தது. கரையில் ‘குளியாள்’ என்பார்கள்.

இவ்விரண்டையும் ஒரே விதமாக நடத்தலாமா என்பதே என் கேள்வி. விடையை இதே கரையின் பழைய மொழிபெயர்ப்பாளர்களிடம் கண்டேன்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, மனனம் செய்து சொல்லிக்கொடுத்தார். விசுவாசப் பிரமாணத்தில் ‘நம்புகிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. 1544இல் அதை உணர்ந்ததும், இக்கரையிலேயே பணிபுரிந்த தம் தோழர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதி, அந்த இடத்தில் ‘விசுவாசம்’ என்ற சொல்லை வைக்கச் சொன்னார். இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு கலைச்சொல் திருத்தக் குறிப்பு. ஏற்கெனவே பலர் மனப்பாடம் செய்துவிட்ட சொல்லாயிற்றே என்று அவர் தயங்கவில்லை.

அவருக்குப் பின் வந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்றவர், இலக்கணமும் எழுதியவர். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கங்கள். போர்த்துக்கீசியச் சொற்கள் பலவற்றை அவர் அப்படியே தமிழில் விட்டுவைத்தார். தமிழ் தெரியாமல் அல்ல; கொள்கையில் பிசகு வந்துவிடலாகாது என்ற எச்சரிக்கையால். அடுத்த நூற்றாண்டில் மதுரையில் ராபர்ட் தெ நொபிலி இவ்வழியை ஏற்காமல், வடமொழியிலிருந்தும் இங்குள்ள வழிபாட்டு வழக்கிலிருந்தும் சொல் எடுத்தார். சர்வேசுரன், பூசை என்பன அவ்வாறு நிலைபெற்றவை.

நொபிலியின் பக்கமே நியாயம் என்று நாம் எளிதில் தீர்ப்பளித்துவிடுவோம். ஆனால் ‘குருசு’ என்ற போர்த்துக்கீசியச் சொல் என்னவாயிற்று? இக்கரையின் ஊர் முனைகளில் இருப்பவை இன்றும் குருசடிகள்தாம். அந்நியச் சொல் மாறாமல் சொல்லப்பட்டு வந்தால் ஊர்ச்சொல் ஆகிவிடுகிறது. ‘எனக்கு வேணும்’ எத்தனை தலைமுறை சொன்னாலும் ‘நம்புகிறேன்’ ஆகியிருக்காது.

ஆகவே நமக்குப் பிடிக்காத சொல் வேறு, பொய் சொல்லும் சொல் வேறு. ‘முக்குளிப்பாளர்’ செயற்கையானது, ஆனால் படிப்பவரைத் திசை திருப்பாது. அதை மாற்றத் துடிப்பது மொழிப்பற்றாகத் தோன்றினாலும் பெரும்பாலும் நம் அகந்தைதான். வாடிக்கையாளருக்கு ஒருமைப்பாடு தேவை. அது நியாயமான தேவை. ‘முத்து வங்கி’ அப்படியல்ல. எந்த இடத்தில் நங்கூரம் போடக்கூடாது என்று சொல்ல வந்த வரி, பணம் போடும் இடத்தைப் பற்றிப் பேசுகிறது. அதை அறிந்தே எழுதிவிட்டு ‘பட்டியலில் இருந்தது’ என்று கைகழுவுவதை விசுவாசம் என்று சொல்ல முடியாது.

ஓசையின்றி மாற்றிவிடுவதும் தவறு. அடுத்த மொழிபெயர்ப்பாளர் பட்டியலைத்தான் பின்பற்றுவார். ஒரே மீனவர் இரண்டு தாள்களில் இரண்டு சொற்களைக் காண்பார். மொழிபெயர்ப்பு மென்பொருளின் நினைவகமோ ஒருமுறை ஏறிய பிழையை ஒவ்வொரு கோப்பிலும் தானாக நீட்டிக்கொண்டே இருக்கும். எனவே மான்சிலாஸுக்குப் போனது போல ஒரு கடிதம் போக வேண்டும்: பழைய சொல், புதிய சொல், காரணம்.

நான் எழுதினேன். ‘குளியாள்’ பற்றி ஒரு வரி பரிந்துரையாக மட்டும். ‘பார்’ பற்றி, மாற்றாமல் கோப்பை ஒப்படைக்க இயலாது என்று. எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் இத்தொழிலில் அந்த மணிக்குக் கூலி கிடையாது. ஒரே ஒரு சொல்லைச் சரிசெய்ததற்கு ஒரு சொல்லின் விலைகூட வராது. சொற்பட்டியல் தயாரிப்பவர்கள் அந்தக் கூலியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி, பார் எங்கே இருக்கிறது என்று அறிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் போதும். அதுவரை, கேள்வி கேட்பதை வேலையின் இடையூறாக அல்ல, வேலையாகவே கருதுவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.