மழை கொல்லவில்லை

மழை வந்தது, சுவர் விழுந்தது, சனங்க செத்தாங்க. மேட்டுப்பாளையம் நடூர் படுகொலையை இப்படி மூன்று வார்த்தையில் முடித்துவிடப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2019 டிசம்பர் 2, விடியுமுன், ஒரு பங்களாவின் 20 அடிச் சுற்றுச்சுவர் ஓட்டு வீடுகள் மேல் சாய்ந்தது. தூக்கத்திலேயே 17 பேர் புதைந்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சனங்கள் சொன்னார்கள்.

நான் டிப்ளமோ சிவில் படித்து சைட்டில் மட்டம் பார்க்கிறவன். மழை கொல்லும் என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. சுவரை ஒட்டி மண் நின்றால் அது தள்ளும் என்றார்கள். மண்ணின் உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நான்கு மடங்கு. கவிழ்க்கிற திருப்புத்திறன் எட்டு மடங்கு. தண்ணி தேங்கினால் இன்னும் மோசம். அதற்குத்தான் கடைக்கால் அகலம், அடிக்கனம், வீப்ஹோல் எல்லாம். ஒன்றரை அடி கனத்தில் 20 அடிக்குக் கருங்கல் சுவர் எழுப்பினால் ஓரடி நீளத்துக்கே 2 டன் எடை. இந்தக் கணக்குக்கு ஐ.ஐ.டி. வேண்டாம், பாலிடெக்னிக் போதும்.

அப்புறம் ஏன் விழுகிறது? வரைபடத்தைப் பாருங்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தோட்டம், கார் ஷெட், எல்லாம் இருக்கும். அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத்தாள். அந்த வெள்ளையில்தான் நம்ம சேரி இருக்கிறது. உத்தபுரத்தில் 1989இல் எழுந்த சுவரில் ஒரு பகுதியை இடிக்கவே 2008 ஆனது. அந்தச் சுவருக்கும் நூல் பிடித்தவன், தூக்குக்குண்டு போட்டவன் ஒருவன் இருந்திருப்பான்.

‘ஓனர் சொன்னார், எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார், நான் வெறும் டெக்னீசியன்.’ இந்தப் பேச்சு செல்லாது. கலவையில் சிமெண்ட் குறைவதை முதலில் பார்ப்பது நாம். கடைக்கால் ஆழத்துக்கு டேப் பிடிப்பது நாம்.

வேலை போயிடுமேங்கிறீங்களா? போகலாம். கூலிக்காரனுக்கு அது சின்ன விசயமில்லை. அதனால்தான் தனியாக நின்று முறைக்கச் சொல்லவில்லை. எழுத்தில் கொடு. தேதி போடு. நகல் வை. சுவருக்குக் கீழே குடியிருப்பவர்களிடம் போய்ச் சொல். சுவர் ஆபத்து என்று முன்பே முறையிட்டதாக நடூர் சனங்கள் சொன்னார்கள். சேரியின் மனுவைக் குப்பையில் போட்டுப் பழகியவர்கள் அதிகாரிகள். அந்த மனுவோடு உயரம், கனம், விரிசல் என்று அளவுக்குறிப்பையும் சேர்த்துக் கொடு. அப்புறம் ‘தெரியாது’ என்று அவர்கள் சொல்ல முடியாது.

பாலிடெக்னிக்கில் படிக்கிற தோழர்களே, வகுப்பில் எழுந்து கேளுங்கள்: இந்தச் சுவர் விழுந்தால் யார் மேல் விழும்? அந்தக் கேள்விக்கு விடை இல்லாத வரைபடம், கணக்கு அத்தனையும் சரியாக இருந்தாலும், தப்பான வரைபடம்தான்.