சர்வரே இல்லையாம்! அப்புறம் எங்கே ஓடுகிறது?



இரண்டு நாளாக நம் குழுவில் ஒரு ஆப் சுற்றுகிறது. ஆதார், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாம் போட்டு வைக்கலாமாம். "சர்வர்லெஸ், டிசென்ட்ரலைஸ்டு, யாராலும் பார்க்க முடியாது" என்று விளம்பரம். என்னிடம் படித்தவர்களே அதைப் பகிர்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

சர்வர்லெஸ் என்றால் சர்வர் இல்லை என்று அர்த்தமில்லை. அமேசான் 2014-இல் லாம்டாவை அறிமுகம் செய்த பிறகு பரவிய பெயர் அது. புரோகிராம் உங்களுடையது, அதை ஓட்டும் இயந்திரம் அவர்களுடையது. ஓடிய நேரத்துக்கு வாடகை. ஹோட்டலில் சாப்பிட்டால் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை, சரி. அடுப்பே இல்லாமலா சோறு வெந்தது?

டிசென்ட்ரலைஸ்டு கதையும் இப்படித்தான். எதேரியம் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஓடுகிறது, உண்மை. ஆனால் அதில் பலரும் பயன்படுத்தும் மெட்டாமாஸ்க் வாலட், நாம் எதையும் மாற்றாவிட்டால், பெரும்பாலும் இன்ஃபுரா என்ற சேவை வழியாகத்தான் பேசும். 2020 நவம்பரில் இன்ஃபுரா படுத்தது, மெட்டாமாஸ்க்கும் தடுமாறியது. 2022 நவம்பரில் அதன் நிறுவனம் கன்சென்சிஸ், பரிவர்த்தனை செய்யும்போது ஐபி முகவரியும் வாலட் முகவரியும் இன்ஃபுராவுக்குச் சேரும் என்று தன் தனியுரிமைக் கொள்கையில் எழுதியது. இதுவா யாரும் பார்க்காத இடம்? வேறு சர்வருக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு. நம்மில் எத்தனை பேர் செட்டிங்ஸைத் திறந்தே பார்த்திருக்கிறோம்?

ஐபிஎஃப்எஸ்ஸில் சேமிக்கிறார்களாம். அதில் ஒரு ஃபைலின் முகவரி தெரிந்த எவரும் அதை எடுக்கலாம். நகல் பிறர் கணினிக்குப் போய்விட்டால் நீங்கள் அழிக்க முடியாது. நம் நாட்டின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை இருக்கிறது. யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

"என்கிரிப்ட் பண்ணித்தானே டீச்சர் வைக்கிறோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் போனிலேயே பூட்டி, சாவி போனை விட்டு வெளியே போகாமல் இருந்தால், உள்ளே இருப்பது பத்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே விளம்பரத்தின் கடைசி வரியைப் படித்தீர்களா? "பாஸ்வேர்டு மறந்தால் எங்களுக்கு ஒரு மெசேஜ் போதும், எல்லா ஃபைலையும் மீட்டுத் தருவோம்." அப்படியென்றால் சாவிக்கு ஒரு நகல் அவர்களிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதைச் செய்தவரும் நம் பள்ளிப் பிள்ளைதானாம். தம்பி, யாருடைய சர்வரில் ஓடுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, இரண்டையும் இங்கேயே கமெண்ட்டில் எழுதுப்பா. அண்ணி, அவன் எழுதும்வரை அண்ணனின் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏற்றாதீர்கள்.