ஆமையும் சிப்பியும்

சென்ற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் நம்மிடம் வினவினான்: “சாமி, ஆமைக்கும் ஓடு இருக்கிறது, சிப்பிக்கும் ஓடு இருக்கிறது. அப்படியானால் இரண்டும் ஒரே இனந்தானே?” கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குத் தோன்றக்கூடிய ஐயமே. அன்பர்களே, இதற்குரிய விடையில் பெரியோர்க்கும் ஒரு பாடம் உண்டு.

ஆமை முதுகெலும்புள்ள ஊர்வன இனத்தைச் சார்ந்தது. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து ஒன்றாய் இணைந்ததே அதன் ஓடு. பாறையில் ஒட்டி வாழும் சிப்பியோ எலும்பற்றது, தலையும் அற்றது. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன் இரு ஓடுகளையும் தானே கட்டிக்கொள்கிறது. பட்டு போன்ற நார்களால் பாறையைப் பற்றிக்கொண்டு, நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்கிறது. ஆபத்து நெருங்கின் ஓடுகளை இறுக மூடிக்கொள்கிறது.

கடலாமைக்கு அந்த வசதியும் இல்லை. நிலத்து ஆமையைப் போல் தலையையும் கால்களையும் அதனால் ஓட்டினுள் இழுத்துக்கொள்ள இயலாது. மேலும், சிப்பி செவுள்களால் நீரிலேயே சுவாசிக்க, ஆமையோ நம்மைப் போல் நுரையீரலால் சுவாசிப்பது. மூச்சுக்காக அது மேலே வந்தே ஆகவேண்டும். வலையில் நெடுநேரம் சிக்கிய ஆமை, கடலில் வாழ்ந்து கடலிலேயே மூச்சுத் திணறி மாள்கிறது.

பேராமை, அழுங்காமை, பங்குனி ஆமை முதலிய ஐந்து வகைக் கடலாமைகள் நம் மன்னார் வளைகுடாவில் உண்டு. ஒரு காலத்தில் இக்கரைகளில் ஆமை இறைச்சி விலைபோயிற்று. அதன் இரத்தத்தை மருந்தென்று பருகியோரும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று அவற்றைக் கொல்வதும் முட்டைகளை எடுப்பதும் குற்றம். 1986-இல் இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையேயுள்ள 21 தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயின. பங்குனி ஆமை ஒருமுறைக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். தனுஷ்கோடிக் கரையில் வனத்துறையினர் அவற்றைச் சேகரித்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர்.

இதனை நாம் மறையுரையில் எடுத்துரைத்தபோது, மீனவர் ஒருவர் பூசைக்குப்பின் நம்மை அணுகி, “சாமி, ஆமைக்காக வலையை அறுத்தால் என் வீட்டுக்கு யார் சோறு போடுவது?” என்றார். நாம் சற்று வாயடைத்து நின்றோம். நியாயமான கேள்வி அன்றோ! அறத்தைப் பீடத்தினின்று போதிப்பது எளிது. அதன் விலையைச் செலுத்துபவர் கடலில் நிற்பவரே.

ஆகவே நாம் முடிவாய்க் கூறுவது இது: ஆமைக்காக வலை அறுத்தவரின் நட்டம் அவருடையது மட்டுமன்று, பங்கு முழுவதனுடையதுமாகும். நூல் வாங்கிக் கொடுப்போம். வலை பின்னத் தெரிந்தோர் உடன் அமர்ந்து பின்னுவோம். கடல்வாழ் உயிர்களைப் படைத்து, அவை நல்லவை எனக் கண்ட இறைவன், அவற்றைக் காக்கும் சுமையை ஓர் ஏழையின் தோளில் மட்டும் வைத்தாரில்லை.