கப்பல் விட்டால் மட்டும் போதுமா?



நூம்பலிலோ வேலப்பன்சாவடியிலோ மளிகைக் கடை வைத்திருப்பவரா நீங்கள்? கடையில் பட்டை வைத்திருக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள். தடித்த, கரடுமுரடான பட்டை. நம் வீட்டுப் பிரியாணிக்குப் போடுவது அதுதான். வியட்நாம், சீனா, இந்தோனேசியா என்று ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த சரக்கு. உலகமே மெச்சுகிற சுருள் பட்டை விளையும் இலங்கையோ தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நூம்பலிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரத்தில் பாதி!

சுருள் பட்டை விலை அதிகம், கட்டுப்படியாகாது என்பீர்கள். உண்மைதான். பட்டையை விடுங்கள், மிளகுக்கு வருவோம். 1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்து கொண்டன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. இலங்கை மிளகு ஆண்டுக்கு 2,500 டன் வரை சுங்க வரி இல்லாமல் வரலாம் என்று பின்னர் அளவு வகுத்தார்கள். நடந்தது என்ன? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்று சான்றிதழ் வாங்கிக் கொண்டு இங்கே நுழைகிறது என்று குடகு, இடுக்கி விவசாயிகள் கூக்குரல் எழுப்பினார்கள். கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து மிளகு இறக்குமதி செய்யக் கூடாது என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஒப்பந்தம் அண்டை வீட்டுக்காரர் இருவருக்கு. ஆதாயம் சான்றிதழ் வாங்கத் தெரிந்த மூன்றாமவனுக்கு!

காய்ந்த பேரீச்சையின் கதை இன்னும் மோசம். வாகா எல்லை வழியாக அது பாகிஸ்தானிலிருந்து வந்து கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் நம் வீரர்கள் நாற்பது பேர் கொல்லப்பட்ட பின் பாகிஸ்தான் பொருள்களுக்கு 200 சதவீத வரி விதிக்கப்பட்டது. பஹல்காமில் அப்பாவிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2025 மே மாதம், மூன்றாம் நாட்டின் வழியாகக் கூட வரக் கூடாது என்று முழுத் தடை வந்தது. துப்பாக்கி எடுத்தவன் எவனோ! வாசல் மூடியது வியாபாரிக்கு, இரு பக்கமும்.

1985 டிசம்பரில் டாக்காவில் ஏழு நாடுகள் கூடி சார்க் அமைப்பை உண்டாக்கின. பின்னர் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து எட்டு ஆயிற்று. தலைவர்களின் உச்சி மாநாடு 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்ததோடு சரி. 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது நின்று போனது. இந்த எட்டு நாடுகளும் செய்கிற வியாபாரத்தில் தங்களுக்குள் செய்து கொள்வது நூற்றுக்கு ஐந்து அளவில்தான். தென்கிழக்கு ஆசிய நாடுகள் ஏறக்குறைய கால் பங்கைத் தங்களுக்குள் செய்து கொள்கின்றன. ஒரே பருப்பு, ஒரே சேலை, ஒரே சினிமாப் பாட்டு! ஆனாலும் ஒருவர் கடைக்கு ஒருவர் போக முடியவில்லை.

ஏன்? காஷ்மீர் என்பார்கள், கச்சத்தீவு என்பார்கள், சீனா என்பார்கள். எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணம் இருக்கிறது, அதைப் பேசுவாரில்லை. இந்த நாடுகள் ஒவ்வொன்றிலும் சிறுபான்மையாக இருப்பவன் பக்கத்து நாட்டின் ஆள் என்று சந்தேகிக்கப்படுகிறான். பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் இந்து, இலங்கையில் தமிழன், பர்மாவில் இந்திய வம்சத்தான், இங்கே நாம். மொழியாலும் மார்க்கத்தாலும் உறவாலும் இரண்டு கரைக்கும் பாலமாக இருக்கத் தகுந்தவன் யாரோ, அவனையே ஒற்றன் என்று பார்த்தால் பாலம் எங்கிருந்து வரும்?

"நாம் வியாபாரிகள், நமக்கு எதற்குப் பாய் இந்த அரசியல்?" என்று நம் கடைத் தெருக்களில் கேட்கிற குரல் இப்போதும் கேட்கும். இதே வார்த்தையை நம்பி இருந்தவர்கள் ரங்கூனில் இருந்தார்கள். நம் கடற்கரை ஊர்களிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள் அங்கே கடை வைத்தார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். சோலியாக்களின் பள்ளிவாசல் இன்றும் அந்த நகரில் நிற்கிறது. 1961-ல் ஊ நூ அரசு பௌத்தத்தை அரசு மதமாக்கியது. அது அவர்கள் உள்நாட்டு விவகாரம், நமக்கென்ன என்று வியாபாரத்தைப் பார்த்தவர்கள் பலர். அடுத்த ஆண்டு மார்ச் 2-ம் தேதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. கல்லாவில் இருந்தது காகிதம் ஆனது, கடையும் போனது. லட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பர்மா பஜார் அப்படி வந்தவர்களுக்காக உண்டானதுதான். அங்கே சாமான் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம்; அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

அது இராணுவ ஆட்சி, சோஷலிசம் என்று சொல்லிச் செய்தது, சந்தையைத் திறந்து விட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று படித்த தம்பிமார்கள் வாதிடலாம். அவர்களுக்கு இலங்கை பதில் சொல்லும்.

தெற்காசியாவில் முதன் முதலாகச் சந்தையை அகலத் திறந்த நாடு இந்தியா அல்ல, இலங்கை. 1977-ல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆறில் ஐந்து பங்கு இடங்களைப் பிடித்து வந்தார். இறக்குமதித் தடைகளை எடுத்தார். கொழும்புக் கடைகளில் வெளிநாட்டுச் சரக்கு குவிந்தது. இராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலில் நம்மவர்கள் குருவிகளாகப் பறந்தார்கள். இங்கிருந்து சேலையும் லுங்கியும் போயின. அங்கிருந்து கிராம்பும் வெளிநாட்டுச் சாமான்களும் வந்தன. சந்தை திறந்தது, சரி. ஜனநாயகம்? 1978-ல் எல்லா அதிகாரமும் ஒரே ஜனாதிபதியின் கைக்குப் போனது. 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர் பல்லாயிரம் பேர் வேலை இழந்தார்கள். 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலே நடத்தாமல், ஒரு வாக்கெடுப்பை மட்டும் நடத்தி அதே பாராளுமன்றத்துக்கு மேலும் ஆறு ஆண்டு ஆயுள் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து என்ன நடந்தது? 1983 ஜூலை! வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு தமிழர் கடைகளையும் வீடுகளையும் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். திறந்த சந்தையிலே எரிந்தது வியாபாரியின் கடைதான். போர் வந்தது, கப்பல் நின்றது.

நியாயத்தைப் பேசினால் முழுதாகப் பேச வேண்டும். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அத்தனை பேரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். ஒடுக்கப்பட்டவன் கையில் துப்பாக்கி வந்தாலும் அதே பாடம்தான், அண்டை வீட்டுக்காரனுக்கு இடமில்லை என்று.

அதன் பிறகும் அந்த நாடு கற்றுக் கொள்ளவில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் மிருகத்தனமான குண்டுவெடிப்பு நடந்தது. அந்த அச்சத்தைப் பெரும்பான்மை வாக்காக மாற்றி அந்த ஆண்டு நவம்பரில் கோத்தபய ராஜபக்சே ஜனாதிபதி ஆனார். கொரோனாக் காலத்தில் முஸ்லிம் மையத்துகளைக் கூட வலுக்கட்டாயமாக எரித்தார்கள். உலகம் முழுதும் அடக்கம் செய்யலாம் என்றபோதும் 2021 பிப்ரவரி வரை விடவில்லை. கேள்வி கேட்பவனை இனத் துரோகி என்று அடக்கி விட்டால், வரியைக் குறைத்தது சரியா, இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தது சரியா என்று யார் கேட்பது? 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது. பெட்ரோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால் மாவுக்கு வரிசை. அந்த ரமலானில் கொழும்பு காலி முகத் திடலில் சிங்கள இளைஞர்களும் முஸ்லிம் இளைஞர்களும் ஒன்றாக உட்கார்ந்து நோன்பு திறந்தார்கள். நம்மை ஏமாற்றி விட்டார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது, கஜானா காலியான பிறகு!

இலங்கையில் நடந்ததற்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அந்தத் தீவின் ரோட்டில் ஓடுகிற ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் பெரும்பாலும் இந்தியத் தயாரிப்பு. டாலர் கையிருப்பைக் காப்பாற்ற 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025-ல்தான் மறுபடி திறந்தார்கள். வண்டிக் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுப்பவை நம் தொழிற்பேட்டைப் பட்டறைகள். கொழும்பில் போடுகிற கையெழுத்து இங்கே ஒரு லேத்தை நிறுத்த வல்லது.

நம் நாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 1991 ஜூலையில் சந்தையைத் திறந்தோம். 1992 டிசம்பர் 6-ல் பாபரி மஸ்ஜிதை இடித்தார்கள். ஆறு வாரத்துக்குள் பம்பாய் இரண்டு முறை எரிந்தது. 1997 நவம்பர் இறுதியில் கோயம்புத்தூரில் ஒரு காவலர் கொலையைச் சாக்காக வைத்து முஸ்லிம்களின் கடைகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் அதே ஊரில் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. அதை நியாயப்படுத்த எந்த முஸ்லிமுக்கும் வாய் வரக் கூடாது. பிறகு 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் முஸ்லிம் மட்டும் கிடையாது என்றார்கள். அதில் இலங்கையின் பெயரே இல்லை. நம் பக்கத்திலேயே கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம்களில் பல்லாண்டாக இருக்கும் ஈழத் தமிழர்களுக்கும் அந்தச் சட்டம் கதவைத் திறக்கவில்லை. முஸ்லிமை ஒதுக்கப் போட்ட வேலியில் இந்துத் தமிழனும் வெளியே நிற்கிறான்!

ஐரோப்பாவைப் பாருங்கள். இரண்டு உலகப் போரில் ஒருவரை ஒருவர் வெட்டிக் கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் 1951-ல் நிலக்கரிக்கும் எஃகுக்கும் ஒரே சந்தை என்று கையெழுத்துப் போட்டன. சர்வாதிகாரம் இருந்த வரை ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் உள்ளே விடவில்லை. மக்களாட்சி வந்த பிறகே, 1986-ல், சேர்த்தார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சி முடிந்த கிழக்கு நாடுகள் சேர வந்தபோதும், சந்தையை மட்டும் திறந்தால் போதாது, ஜனநாயகமும் சிறுபான்மையினர் பாதுகாப்பும் வேண்டும் என்று 1993-ல் எழுதியே வைத்தார்கள். அவர்களிடமும் குறை ஆயிரம். அகதிகளைக் கடலில் விடுகிறவர்கள்தாம். ஆனால் வரிசை எது முதல், எது பிறகு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதைத் தெரிந்து கொள்ள நமக்கு ஐரோப்பா கூடத் தேவையில்லை. மதீனா வந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலைக் கட்டினார்கள். சந்தையை அமைத்தார்கள். யூதர்கள் உட்பட அங்கிருந்த கோத்திரங்களைச் சேர்த்து உடன்படிக்கை எழுதினார்கள். நாமோ பள்ளிவாசலையும் சந்தையையும் வைத்துக் கொண்டோம். உடன்படிக்கையை அரசியல் என்று ஒதுக்கி வைத்தோம்.

இன்றைய நிலையைக் கவனியுங்கள். கொழும்புத் துறைமுகத்தின் மேற்கு முனையம் அதானியின் பங்கோடு 2025-ல் இயங்கத் தொடங்கியது. பெரிய முதலாளிக்குக் கடல் ஒரு தடையே அல்ல. சாதாரண மனிதனுக்கு? நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலை 2023 அக்டோபர் 14-ல் ஆரவாரமாகத் தொடங்கினார்கள். சில நாளிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். மழைக்காலம் வந்தால் மறுபடி கேள்விக்குறி. அதுவும் பயணிகள் கப்பல். பையில் கொண்டு போகிற அளவுக்கு மேல் சிறு வியாபாரி சரக்கு ஏற்ற வழியில்லை. கப்பல் விட்டதை வரவேற்போம். ஆனால் ஏறுகிறவனைச் சந்தேகத்தோடு பார்க்கிற கண் மாறாத வரை, அது எப்போதும் ஒரு குண்டுவெடிப்பில், ஒரு தேர்தல் பேச்சில் நின்று போகக் கூடிய கப்பல்தான்.

ஆகவே வணிகச் சகோதரர்களே, உங்கள் வியாபாரிகள் சங்கத்தில் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசி முடித்ததும் இதையும் எடுத்து வையுங்கள். நாகைக் கப்பலில் சிறு வணிகர்களுக்குச் சரக்கு அனுமதி வேண்டும், சுங்க நடைமுறை எளிதாக வேண்டும் என்று தீர்மானம் போட்டு நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் முகாம்களில் இருக்கும் ஈழத் தமிழரின் குடியுரிமை பற்றிக் கேளுங்கள். அவர்கள் நம் மார்க்கத்தார் இல்லையே என்று தயங்க வேண்டாம். நமக்காகக் கேட்பதை விட அவர்களுக்காக நாம் கேட்பது சபையில் எடுபடும்.

இளைஞர்களே, உங்களுக்கு ஒன்று. வங்கதேசத்தில் 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா நாட்டை விட்டு ஓடிய பின் பல இடங்களில் இந்துக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மாணவர்கள் பலர் கோயில்களுக்குக் காவல் நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் நம் மஹல்லாக்களில் எத்தனை ஜும்ஆ மேடைகள் அதைக் கண்டித்தன? காஸாவுக்குத் துஆ கேட்ட அதே மேடையில், டாக்காவின் இந்துக் கடைக்காரனுக்காக இரண்டு வாக்கியம் பேசியிருந்தால், அம்பத்தூரில் உங்களோடு ஒரே ஷிப்டில் வேலை பார்க்கிற தோழன் அதைக் கேட்டிருப்பான். நமக்கு எதிராகப் பேச வருகிறவன் முதலில் அவனிடம்தான் போகிறான். அவனிடம் நாம் முன்பே போயிருக்க வேண்டும். அடுத்த முறை எல்லைக்கு அப்பால் எந்தச் சிறுபான்மையின் கடை எரிந்தாலும், அந்த வெள்ளிக்கிழமையே ஒரு கண்டனத் தீர்மானம் எழுதி, ஜமாஅத்தார் கையெழுத்தோடு நோட்டீஸ் அடித்து, தொழிற்பேட்டை வாசலில் நின்று கொடுங்கள்.