விரலுக்குள் காந்தம், தோலுக்கடியில் சிப்: உள்ளே வைக்க ஆள் இருக்கு, வெளியே எடுக்க?

1/
போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி. இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. “டாக்டர், மோதிர விரல் நுனியில குட்டி காந்தம் வெச்சுக்கப் போறேன். ஆன்லைன்ல வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை ரூம்மேட் வெச்சு விடுறேன்னு சொல்லியிருக்கான். முன்னாடியே எந்த ஆன்டிபயாடிக் போட்டுக்கணும்?”

முதல்ல நல்லா திட்டணும்னுதான் தோணுச்சு. திட்டினா என்ன ஆகும்? அடுத்த தடவை டாக்டரைக் கேட்க மாட்டார், வீடியோவைக் கேட்பார். அதனால பொறுமையா எழுதுறேன். அவருக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும். நீளமான இழை. கடைசி வரை படிங்க.

2/
இது என்ன புதுக் கூத்துன்னு கேட்கிறவங்களுக்கு: அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘கிரைண்டர்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு கூட்டம் இருக்கு. மாவு அரைக்கிற கிரைண்டர் இல்லை. நோய் எதுவும் இல்லாமலேயே, உடம்புக்குப் புது சக்தி வேணும்னு தாங்களாகவே கருவிகளைத் தோலுக்கடியில் வைத்துக்கொள்பவர்கள்.

3/
இதில் ரெண்டு வகை ரொம்பப் பிரபலம்.

ஒன்று, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்த ஆர்.எஃப்.ஐ.டி. சிப். வளர்ப்பு நாய்க்குப் போடுவது போன்றது. பேட்டரி கிடையாது. ரீடர் பக்கத்தில் கொண்டுபோனால் தன் நம்பரைச் சொல்லும். உங்க கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகும் இதே குடும்பம்தான்.

இரண்டு, விரல் நுனியில் காந்தம். ஓடும் மோட்டார் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் காந்தம் லேசா அதிரும். விரல் நுனி நரம்புகள் அதை உணரும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. இந்த ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். இருபது வயசில் எனக்கும் வந்திருக்கும்.

4/
இதை முறையா செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெவின் வார்விக், 1998 ஆகஸ்டில் தன் இடது கையில் ஒரு சிப் வைத்துக்கொண்டார். வைத்தது ஒரு டாக்டர். ஒன்பது நாளில் எடுத்தாச்சு.

2002-ல் அடுத்த கட்டம். ஆக்ஸ்ஃபோர்டின் ராட்கிளிஃப் இன்ஃபர்மரி மருத்துவமனையில், அவர் கையின் மீடியன் நரம்பில் 100 ஊசிமுனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை நிபுணர்கள், ஆபரேஷன் தியேட்டர், நெறிமுறைக் குழுவின் அனுமதி, எல்லாம் இருந்தது. சுமார் மூணு மாசத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள்.

5/
இன்னொரு பக்கம், ஸ்காட்லாந்தில் லெஃப்ட் அனானிம் என்ற புனைபெயரில் ஒருவர். சமையலறை சாமான்களை வைத்தே தன் விரல்களில் தானே காந்தம் வைத்துக்கொண்டவர். காய்கறி தோல் சீவும் பீலர், கிருமிநாசினிக்கு வோட்கா. 2010-ல் பெர்லினில் மேடையேறி இதையெல்லாம் வெளிப்படையாகவே சொன்னார். மருத்துவமனையில் போய்ப் படுக்க வேண்டி வந்ததையும் அவர் மறைக்கவில்லை.

6/
2013-ல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டிம் கேனன். கிட்டத்தட்ட சீட்டுக்கட்டு அளவுள்ள ஒரு கருவியை முன்கையைக் கிழித்து உள்ளே வைத்துக்கொண்டார். பேட்டரி, ப்ளூடூத் எல்லாம் உண்டு. செய்தது டாக்டர் இல்லை, உடல் அலங்கார மாற்றம் செய்யும் கலைஞர். மரத்துப்போக ஊசி கூட இல்லை. சில மாதங்களில் வெளியே எடுத்தாச்சு.

அந்தக் கருவி அளந்தது என்ன தெரியுமா? உடல் வெப்பநிலை. கக்கத்தில் தெர்மாமீட்டர் வெச்சாலே தெரியும் விஷயம்.

7/
இந்த மூணு பேரிடமும் தைரியம் ஒண்ணுதான். வித்தியாசம் எங்கே? வார்விக் கையில் வைக்கும்போதே, அதை எடுக்கவும் ஆள் இருந்தது. எடுக்கத் தெரிந்த சர்ஜன் யார், சீழ் வைத்தால் எந்த வார்டு, நரம்பு பழுதானால் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது.

நான் சொல்ல வருவது இந்த ஒரே விஷயம்தான். உள்ளே வைப்பது அரைமணி நேர வேலை. வெளியே எடுக்க யார் இருக்காங்க என்பதுதான் இம்பிளான்ட்.

8/
ஏன் இவ்வளவு பயமுறுத்துறீங்க, கத்தி பட்டா ஆறாதா, என்று கேட்கலாம். வெறும் காயம் ஆறும். உள்ளே ஒரு பொருள் இருந்தால் கணக்கே மாறிவிடும்.

1957-ல் லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் ஒரு பரிசோதனை செய்தார்கள். வெறும் தோலில் சீழ் பிடிக்க வைக்க ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பத்து லட்சத்துக்கும் மேல் தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தபோது? சில நூறு கிருமிகளே போதும். ஒரு நூலுக்கே இந்தக் கதி.

9/
காரணம், ‘பயோஃபிலிம்’. அந்நியப் பொருளின் மேல் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டி உள்ளே குடியிருக்கும். கிணற்றுச் சுவரில் பாசி பிடிக்கிற மாதிரி. வெள்ளை அணுக்களும் ஆன்டிபயாடிக்கும் உள்ளே சரியாகப் போய்ச் சேராது. மாத்திரை போட்டால் வீக்கம் வற்றும், நிறுத்தினால் திரும்ப வரும். பெரும்பாலும் பொருளையே எடுத்தால்தான் தீரும்.

தம்பி கேட்ட ஆன்டிபயாடிக் கேள்விக்குப் பதிலும் இதுதான். ஆபரேஷனுக்கு முன் நாங்கள் போடும் ஊசி, சுத்தத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு. சுத்தத்துக்கு மாற்று இல்லை.

10/
“கருவியை எல்லாம் கொதிக்க வெச்சுடுவேன் டாக்டர்” என்பார்கள். கொதிக்க வைத்தாலும் சில கிருமிகளின் வித்துக்கள் சாகாது. அதனால்தான் ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவி, அழுத்தத்தோடு. ஆனால் சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே சக்தியை இழக்க ஆரம்பிக்கும். ஆக, கிருமி சாகும் சூட்டில் காந்தமும் போயிடும். பேட்டரி உள்ள கருவியை அதில் வைக்கவே முடியாது. மருத்துவமனைகளில் இதற்கென்று எத்திலீன் ஆக்சைடு வாயு முறை இருக்கு. ஹாஸ்டல் ரூமில் அது கிடையாது.

அப்போ வோட்கா? அதில் ஆல்கஹால் சுமார் 40 சதவீதம்தான். கை துடைக்கிற சானிடைசரிலேயே 60-க்கு மேல் வேணும்.

11/
அடுத்து இடம். விரல் நுனி சின்னச் சின்ன அறைகளாகப் பிரிந்த இறுக்கமான சதை. அங்கே சீழ் கட்டினால் விரிய இடமில்லை. அழுத்தம் ஏறும், ரத்த ஓட்டம் குறையும், கீழே எலும்பு. இன்னும் உள்ளே இறங்கினால் விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் போகும். அங்கே போனால் அது அவசர சிகிச்சை. தாமதித்தால் விரல் மடங்காமலே நின்றுபோகலாம். எழுதுகிற, சால்டரிங் பிடிக்கிற கை அது.

12/
“காது குத்துறதில்லையா? மூக்கு குத்துறதில்லையா?” நியாயமான கேள்வி. குத்திய காதில் துளை இரண்டு பக்கமும் திறந்திருக்கும். நாளடைவில் அந்தத் துளையின் உட்சுவரிலும் தோல் வளர்ந்து மூடிக்கொள்ளும். கம்மல் உண்மையில் உடம்புக்கு வெளியேதான் இருக்கு. சீழ் வைத்தால் பாட்டியே கழற்றி விடுவார். தோலை மூடித் தைத்த காந்தத்தைப் பாட்டி கழற்ற முடியாது.

13/
அமெரிக்கப் பத்திரிகையாளர் குவின் நார்ட்டன் விரலில் காந்தம் வைத்துக்கொண்டு, அந்த அனுபவத்தை அழகாக எழுதியவர். அப்புறம் காந்தத்தின் சிலிக்கோன் உறை கிழிந்தது. நியோடிமியம் காந்தம் பெரும்பாலும் இரும்பு. உறை போனால் உடலின் உப்பு நீரில் அரிக்கும். விரலில் தொற்று. எடுக்கப் போன டாக்டரால் முழுசா எடுக்க முடியவில்லை, துண்டு துண்டாக உடைந்துவிட்டது. வைத்தது சிரமமில்லை. எடுப்பதுதான் சிரமமாச்சு.

14/
மருத்துவமனைக் கருவிகள் மட்டும் வானத்தில் இருந்து குதிச்சுதான்னு கேட்டா, இல்லை. உடலுக்குள் முழுசாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர், 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா. இன்ஜினியர் எல்ம்குவிஸ்ட் அதை வார்த்த அச்சு, ஒரு ஷூ பாலிஷ் டப்பா! சர்ஜன் சென்னிங் பொருத்தினார். சில மணி நேரத்தில் அது நின்றுபோச்சு.

ஆனால் சர்ஜன் அங்கேயே இருந்தார். மாற்றுக் கருவி தயாராக இருந்தது. நோயாளி ஆர்னே லார்சன் அதற்குப் பிறகு 43 வருஷம் வாழ்ந்து, 2001-ல் 86 வயதில் இறந்தார். கருவி செய்தவர், பொருத்தியவர் இருவரையும்விட அதிக நாள் இருந்தார். மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள். ஒவ்வொரு தடவையும் பழையதை எடுக்க, புதுசை வைக்க ஒரு கை இருந்தது. அவரைக் காப்பாற்றியது அந்த டப்பா மட்டுமில்லை.

15/
அந்தக் கை இல்லாமல் போனால் அனுமதி பெற்ற கருவியும் அனாதைதான். பார்வை இழந்தவர்களின் விழித்திரையில் பொருத்தும் ஆர்கஸ் 2 என்ற கருவி, 2013-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்தினார்கள். சில வருஷத்தில் தயாரித்த நிறுவனம் அதைக் கைவிட்டது. பழுதானால் பார்க்க ஆளில்லை. கண்ணுக்குள் கருவி மட்டும் மிச்சம். அவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கே இதுதான் நிலைமை என்றால், ரூம்மேட் வேலை கிடைச்சு பெங்களூர் போயிட்டா என்ன பண்ணுவீங்க?

16/
அமெச்சூர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். டைப் 1 சர்க்கரை நோயாளியான டேனா லூயிஸும் கூட்டாளிகளும், இன்சுலின் பம்பையும் சர்க்கரை சென்சாரையும் தாங்களே எழுதிய மென்பொருளால் இணைத்து, 2015-ல் அதன் விவரங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கம்பெனிகள் தூங்கிக்கொண்டிருந்தபோது நோயாளிகள் செய்த வேலை. அப்படி வளர்ந்த இன்னொரு மென்பொருளின் வழிவந்த டைட்பூல் லூப், 2023-ல் அமெரிக்க அனுமதியும் பெற்றது.

ஆனால் கவனியுங்க. அவர்கள் தோலைக் கிழித்து எதையும் புதைக்கவில்லை. பம்பும் சென்சாரும் ஏற்கெனவே அனுமதி பெற்றவை. கோளாறு என்றால் ஒரே நிமிஷத்தில் கழற்றிவிடலாம். பழகிப் பார்க்க ஆசையா? கழற்றக்கூடியதில் பழகுங்க. காந்த மோதிரம் போட்டாலே மோட்டார் பக்கத்தில் கொஞ்சம் அதிர்வு தெரியும். சிப்பையும் மோதிரத்தில் வைக்கலாம், கதவு அதற்கும் திறக்கும்.

17/
சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. காரணமில்லாமல் காந்தம் வைக்க மாட்டேன் என்று நாம் மறுப்பது சரி. ஆனால் வைத்துக்கொண்டு வீங்கிய விரலோடு வருபவரை, நாலு பேர் முன்னாடி “அறிவில்லையா” என்று கேட்பது சரியில்லை. அவமானத்துக்குப் பயந்து ரெண்டு நாள் தள்ளிப்போடுவான். விரல் போவது அந்த ரெண்டு நாளில்தான். முதலில் எக்ஸ்ரே, அட்வைஸ் அப்புறம்.

18/
ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்களுக்கு:

- எம்.ஆர்.ஐ. எடுக்கும்முன் கட்டாயம் சொல்லுங்க. உள்ளே காந்தம் இருப்பது தெரியாமல் அந்த அறைக்குள் போவது ஆபத்து. வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கணும். நீங்க மயக்கத்தில் இருந்தால் அவர்தான் சொல்லணும்.
- துடிக்கிற மாதிரி வலி, கூடும் வீக்கம், கை மேல் ஏறும் சிவப்புக் கோடு, விரலை நீட்டினால் உயிர் போகிற வலி, காய்ச்சல்: அன்றைக்கே மருத்துவமனை. மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம்.
- சர்க்கரை நோய், இதய வால்வு பிரச்சினை, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்னும் சீக்கிரம் வரணும்.
- நீங்களே பிளேடு வைத்து எடுக்காதீங்க. டி.டி. ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாருங்க.

19/
தம்பிக்கு நான் திருப்பி அனுப்பியது ஒரே கேள்வி. “அடுத்த மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு விரல் வீங்கினா, அதை எடுக்கப் போறவர் பேர் என்ன?”

‘சீன்’ காட்டுது, பதில் இன்னும் வரலை. தம்பி, இதைப் படிச்சா ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒரு வரி போடு. ஒருவேளை வெச்சாச்சுன்னாலும் போடு. திட்ட மாட்டேன்.